ஆறாவது பசாசுக்குப் பதக்கம் இல்லை

பட்டப்பகலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைந்திருந்த மண்டபத்தில், உண்மையான பசாசு ஒன்று மேடையேறி, நடிகர் ஒருவரை நரகத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்று நான் நம்பினேன். சந்தேகம் எல்லாம் இல்லை, முழு நம்பிக்கை. அப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஒழுங்காக வரி கட்டுகிறவன், பலெர்மோ வீதிகளில் தினமும் வாகனம் ஓட்டுகிறவன். அதாவது இலேசில் பயப்படாதவன் என்று நானே என்னைப் பற்றிச் சொல்லித் திரிந்தவன்.

இதை எழுதவேண்டி வந்தது ஜூலியாவால். முழங்கால் மக்கர் பண்ணி நான் நாடக அரங்கு வேலையை விட்ட பிறகு என் இடத்துக்கு வந்த பெண் அவள். போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"தத்தேயோ, பசாசு உடுப்பெல்லாம் சலவைக்குக் குடுக்கப்போறன். ஒவ்வொண்டிலையும் இடக்கை விளிம்புக்குள்ளை சின்னப் பதக்கம் ஒண்டு தைச்சிருக்கு. வெட்டி எடுக்கட்டோ?"

"வெட்டாதை!" என்று நான் போட்ட சத்தத்தில் குசினியில் இருந்து மனைவி ரெஜினா ஓடிவந்தாள்.

"ஏன், என்ன அது?"

"பெர்மெஸ்ஸோ," என்றேன்.

இத்தாலிக்கு வந்து குடியிருப்பவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. இங்கே தங்கியிருக்க அரசாங்கம் தருகிற அனுமதி அட்டை அது. ஜூலியா பலெர்மோவில் பிறந்தவள், அவளுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டதே இல்லை. "பசாசுக்கு ஏன் பெர்மெஸ்ஸோ? எழுதித் தாங்கோ," என்றாள். இத்தாலியனில் எழுதினால் என் பயம் முழுவதும் இலக்கணப் பிழையாகத்தான் தெரியும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். மகள் மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும். இதில் வருகிற இத்தாலியர்கள் எல்லோரும் என் காதில் விழுந்த மாதிரியே மன்னார்த் தமிழ் கதைப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னாரில் இருந்து இங்கே வந்த கதையை விட்டுவிடுகிறேன், அது எல்லோருடைய கதையும்தான். ஒரேத்தோப் பக்கம் மாடிப்படிகள் கழுவினேன். ஒரு கிழவருக்குச் சவரம் செய்துவிட்டேன். பிறகு பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருந்த சிறிய நாடக அரங்கு ஒன்றில் நிலம் துடைக்கப் போனேன். துடைக்கப் போனவனைக் கதிரை தூக்கச் சொன்னார்கள். தூக்கியபோது ஒன்று உடைந்தது, ஒட்டினேன். ஒட்டியது நன்றாக இருக்கவே, ஒருநாள் என்னை 'த்ரொவரோபெ' ஆக்கிவிட்டார்கள். நாடகத்துக்கு வேண்டிய வாள், மண்டையோடு, பொரித்த கோழி, தலையணை எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, வேண்டிய கணத்தில் நடிகரின் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்கிறவனுக்கு அங்கே அதுதான் பெயர்.

என் சொந்தப் பெயர் யூட். இத்தாலியனில் அந்த அப்போஸ்தலருக்கும், ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் ஒரே பெயர்தான். முதல் நாள் பெயர் கேட்ட மேடை மேலாளர் கன்சேத்தா சிறிது யோசித்தார்.

"இந்தக் கட்டடத்துக்குள்ளை காட்டிக்குடுக்கிறவை ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கினம். அந்த அப்போஸ்தலரின்ரை மற்றப் பேராலை உன்னைத் தத்தேயோ எண்டு கூப்பிடுறன்."

கன்சேத்தா குள்ளமான மனுசி. சத்தம் வராத துணிச்செருப்பு, கொண்டையில் ஒரு பென்சில், வாயில் எப்போதும் பெருஞ்சீரகம். நாடகம் நடக்கும்போது மேடையின் வலது மூலையில், சின்ன விளக்கு ஒன்றின் கீழ் இருந்து, வெளிச்சம், இசை, திரை எல்லாவற்றுக்கும் அவர்தான் கட்டளை கொடுப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிழை விட்டவனிடம் நெருங்கி வந்து, காதோடு, "நன்றி" என்று மட்டும் சொல்வார். அந்த நன்றியைக் கேட்டு ஆறடி உயர நடிகர் ஒருவர் உடுப்பு அறையில் போய் அழுததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கும் சில நன்றிகள் கிடைத்திருக்கின்றன. நான் அழவில்லை, துடைத்த நிலத்தையே திரும்பத் துடைப்பேன், அவ்வளவுதான்.

வேலை பழக்கியவரும் அவர்தான். அந்த வேலை முழுவதும் ஒரு மேசையில் இருக்கிறது. மேடையின் ஓரத்தில் நீள மேசை போட்டு, வெள்ளைத் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் அதன்மேல் வைத்துச் சுற்றிவரக் கோடு கீறவேண்டும். வாளுக்கு வாள் வடிவம், கிண்ணத்துக்கு வட்டம். நடிகர் எடுத்துப் போனால் வெறுங்கோடு மிஞ்சும். திரும்பி வந்ததும் பொருள் தன் கோட்டுக்குள் படுக்கும். திரை விலக முன்பு மேசையைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் விரலால் தொடவேண்டும்.

"பாக்காதை, தொடு," என்பார் கன்சேத்தா. "கண் நேற்றுக் கண்ட வாளை இண்டைக்கும் கண்டுகொண்டு நிக்கும். விரல் அப்பிடி ஏமாறாது."

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். காட்சியில் இடமில்லாத எவரும் மேடையில் கால் வைக்கக்கூடாது. "செத்தாலுமோ?" என்று பகிடியாகக் கேட்டேன். "செத்தால் திரை விழும்வரைக்கும் அந்த இடத்திலையே கிட," என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

அந்த அரங்குக்கு ஒரு வருடம் பியெரோ என்ற இயக்குநர் வந்தார். நானூறு வருடத்துக்கு மேற்பட்ட பழைய இங்கிலாந்து நாடகங்களில் பேய், பசாசு, ஆவி, மந்திரம் வருகிற துண்டுகளைப் பொறுக்கி, ஒரே நாடகமாகக் கோத்திருந்தார். தன் ஆத்துமாவைப் பசாசுக்கு விற்ற படித்த மனுசன் ஒருவன்தான் நடுநாயகம். அந்த வேடம் தோத்தோவுக்கு. தோத்தோ பெரிய உடம்பும் பெரிய சிரிப்பும் உள்ள வயதான நடிகர். சீனி வருத்தக்காரர், ஆனால் சந்திக்குச் சந்தி இனிப்பு விற்கிற ஊரில் பிறந்துவிட்டார்.

வாசிப்பு ஒத்திகைகளுக்கு எனக்கு வேலையில்லை. ஆனாலும் ஒரு மூலையில் கதிரை ஒட்டுகிறவன் மாதிரி இருந்து கேட்டேன். அவ்வளவு ருசியாக இருந்தது. அந்த இங்கிலாந்துக்காரர் வாயைத் திறந்தாலே சத்தியம்தான். ஆண்டவரின் காயத்தின்மேல், இரத்தத்தின்மேல், சிலுவையின்மேல், மாதாவின்மேல்.

"சொல்லிச் சொல்லித் தேஞ்சு போச்சுது," என்றார் பியெரோ. "கடைசியிலை அந்தச் சொல்லுக்குள்ளை ஆண்டவர் இருக்கிறார் எண்டதே சனத்துக்கு மறந்துபோச்சு. பிறகு மேடையிலை கடவுள் பேர் சொன்னால் தண்டம் எண்டு சட்டமும் வந்தது."

"எங்கட அம்மா கால் இடிச்சால் 'யேசு மரி சூசை' எண்டுவா," என்றேன். "மூண்டு பேரையும் ஒரே மூச்சிலை."

"இப்ப உன்ரை வீட்டிலை?"

"இப்ப மகள் கால் இடிச்சால் சொல்லுறது பல்லரோச் சந்தையிலை படிச்சது. இஞ்சை சொல்லேலாது."

எனக்குப் பெரிய வியப்பு என்னவென்றால், அந்த நாட்டில் அப்போது எங்கள் கத்தோலிக்க சமயத்தை அரசாங்கமே இழுத்து மூடிவிட்டது. துறவிகளைக் கலைத்தாயிற்று. செத்தவர்கள் பாவம் தீரும்வரை கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று கிடையாது என்று அறிவித்தாயிற்று. ஆனால் நாடகத்தில் மட்டும் செத்தவர்கள் அந்த இல்லாத ஸ்தலத்தில் இருந்து வந்து, அங்கே தாங்கள் நெருப்பில் கிடந்து படுகிற பாட்டைச் சொல்கிறார்கள்! சேவல் கூவினால் திரும்பி ஓடுகிறார்கள். நத்தார், அதாவது கிறிஸ்மஸ் காலத்தில் சேவல் இரவு முழுதும் கூவும், அப்போது எந்த ஆவிக்கும் பலமில்லை என்று காவல்காரர் கதைக்கிறார்கள். சட்டம் மாறி வருடக்கணக்கான பிறகும் வாய் மாறவில்லை.

"மூடின இடத்திலை இருந்து ஆள் வருதெண்டால், பெர்மெஸ்ஸோ இல்லாமலோ?" என்றேன். பியெரோ சிரித்தார்.

"அதோடை இன்னொரு சந்தேகம். எங்கட ஊரிலை உத்தரிக்கிற ஆத்துமா வந்தால் பூசை கேக்கும், செபம் கேக்கும். இஞ்சை நாடகத்திலை ஆவியாய் வாறவர் தன்னைக் கொலை செய்தவனைக் கொல்லு எண்டு கேக்கிறார். இது என்ன ஆத்துமா?"

"அந்தக் காலத்துச் சனத்துக்கும் அதே சந்தேகம்தான்," என்றார் அவர். "பூசை கேக்காமல் பழி கேக்கிறது ஆவிதானோ, இல்லாட்டி ஆவியின்ரை உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்த பசாசோ? பசாசுக்கு உடுப்பு மாத்திறது பெரிய வேலையில்லை. துறவி உடுப்பிலையும் வருவான்."

கன்சேத்தா பெருஞ்சீரகத்தைச் சப்பிக்கொண்டு தலையை ஆட்டினார். "எங்கட பலெர்மோவிலை செத்த ஆக்கள் நவம்பரிலை வந்து பிள்ளையளுக்குச் சீனிப்பொம்மை வைச்சிட்டுப் போவினம். இங்கிலாந்துக்காரன்ரை செத்த ஆக்கள் பிரச்சினையைத்தான் கொண்டுவருவினம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேன், ஆனால் 'பசாசுக்கு உடுப்பு மாற்றுவது பெரிய வேலையில்லை' என்ற வசனம் என் சேட்டுக்குள் பூச்சி மாதிரிப் போய்விட்டது. உடுப்புகளுக்கும் நான்தானே பொறுப்பு.

பிறகு பியெரோ அந்தக் கதையைச் சொன்னார். பழைய காலத்தில், இங்கிலாந்தின் ஏதோ ஒரு ஊரில், பசாசுகளைக் கூப்பிடுகிற காட்சி நடந்துகொண்டிருந்தபோது, நடிகர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். மேடையில் இருக்கவேண்டியதை விட ஒரு பசாசு கூட நின்றதாம். நாடகத்தை அப்படியே விட்டுவிட்டு, விடியும்வரை செபம் சொல்லி, காலையில் ஊரைவிட்டே போய்விட்டார்களாம்.

"சும்மா கட்டுக்கதை," என்றார் பியெரோ.

"ஓம் ஓம், கட்டுக்கதை," என்றேன் நான். குரல் எனக்கே வேறு ஆளுடையது மாதிரிக் கேட்டது.

எங்கள் நாடகத்தில் பசாசுகள் ஐந்து. கறுப்பு உரோம உடுப்பு, முழு முகமூடி, கொம்பு. உள்ளே யார் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அந்தக் காலத்து அரங்கில் மேடைக்கு மேலே இருந்த கூரைக்கு 'வானகம்' என்றும், மேடைக்குக் கீழே இருந்த குழிக்கு 'நரகம்' என்றும் பெயராம். எங்கள் அரங்கில் குழி இல்லாததால், மேடையின் இடது பக்கத்தில் பலகையில் ஒரு பெரிய நரக வாய் செய்து வைத்தோம். மேலும் கீழும் பல். பின்னால் நின்று கயிற்றை இழுத்தால் வாய் திறக்கும், விட்டால் மூடும். கயிற்றுக்காரன் நான். ஊரில் மூவிராசாக்கள் கூத்தில் சம்மனசாக, வானதூதனாக வந்தவன், இங்கே நரகத்துக்கு வாசல்காவல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் ஏறி, சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக்குப் போனேன். எங்கள் ஆட்கள், வேதக்காரரும் சைவக்காரரும், ஒன்றாக ஏறுகிற மலை அது. அவர் உருவம் பொறித்த ஐந்து சின்னப் பதக்கம் வாங்கி, குருவானவரிடம் கொடுத்து மந்திரித்துக்கொண்டு வந்து, வீட்டில் பசாசு உடுப்புகளின் இடக்கை விளிம்புக்குள் தைக்கத் தொடங்கினேன். ரெஜினா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே? பசாசுக்கு ஆரும் பதக்கம் குத்துவினமோ?"

"உண்மையான பசாசு மந்திரிச்ச பதக்கம் உள்ள உடுப்பைப் போடமாட்டான். அப்ப ஆர் எங்கட ஆள், ஆர் பிற ஆள் எண்டு எனக்கு விளங்கும்."

"விளங்கி? பிடிச்சுக்கொண்டுபோய்க் குவெஸ்தூராப் பொலிசிலை குடுக்கப்போறியளோ?"

"பகிடி விடாதையும். இது பாதுகாப்பு."

"ஓம், பாதுகாப்பு," என்று சொல்லிவிட்டு, கோவிலில் இருந்து கொண்டுவந்திருந்த தீர்த்தப் போத்தலை என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். "அப்ப இதையும் கொண்டு போங்கோ." அவள் பகிடிக்குத்தான் வைத்தாள். நான் கொண்டு போனேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு புது நடைமுறை. மேசையில் பொருள்களைத் தொட்டு முடித்ததும், மேடைக்குப் போகிற ஒவ்வொரு பசாசின் இடக்கையையும் பிடித்துக் குலுக்குவேன். "வாழ்த்துகள், வாழ்த்துகள்." கைகுலுக்குகிற சாட்டில் பெருவிரலால் விளிம்பைத் தடவுவேன். பதக்கம் தட்டுப்படும். போகலாம். இடக்கையால் ஏன் குலுக்குகிறான் என்று அவர்கள் கேட்கவில்லை. சிலோன்காரர் வழக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

இனி அந்தக் காலை. பள்ளிக்கூடங்களுக்கான காட்சி. பிள்ளைகளின் பேருந்துகள் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால், காட்சியை முன்னுக்குத் தள்ளினார்கள். ஐந்து பசாசுக்கும் கைகொடுத்தேன், ஐந்து பதக்கமும் இருந்தன. நரக வாய்க்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

தோத்தோ மந்திர வட்டத்துக்குள் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். ஐந்து பசாசும் அவரைச் சுற்றி ஆடின. மேளம் அடித்தது, புகை வந்தது. தோத்தோவின் வசனம் எங்கேயோ பிசகிய மாதிரி இருந்தது. சொன்னதையே திரும்பச் சொன்னார். முழங்காலில் விழுந்தார். அது நாடகத்தில் இல்லை. நல்லாய் நடிக்கிறார் என்று நினைத்தேன். அப்போது புகைக்குள் இருந்து, வலது பக்கமாக, இன்னொரு பசாசு வந்தது.

எண்ணினேன். ஆறு.

திரும்ப எண்ணினேன். கண் பொய் சொல்லும் என்று கன்சேத்தா சொல்லியிருக்கிறார். என் கண் அன்றைக்கு மட்டும் பொய் சொல்ல மறுத்துவிட்டது. ஆறாவது மற்றவர்களை விடக் குள்ளம். ஆடவில்லை. சத்தமே இல்லாமல் நடந்து நேரே தோத்தோவிடம் போனது, கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கியது, அவ்வளவு பெரிய மனுசனைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு நரக வாயை நோக்கி வந்தது. நரகத்துக்குப் போகிற கட்டம் நாடகத்தின் கடைசியில்தான். இன்னும் எவ்வளவோ வசனம் கிடந்தது. ஒப்பந்தக் காலம் முடியமுன்பே வந்து தூக்குகிறானே என்று எனக்கு நியாயமான கோபமும் வந்தது என்று நினைக்கிறேன். பயத்தில் வருகிற நியாயம் தனி வகை.

என் கை கயிற்றை விட்டது. வாய் மூடியது.

பசாசு பல்லுக்கு முன்னால் வந்து நின்றது. தோத்தோவின் தலை ஒரு பக்கம் தொங்கியது. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். "அப்ரி! அப்ரி!" திற, திற என்று மண்டபமே கத்தியது. நான் இரண்டு தோளையும் கீழ்ப்பல்லுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, "அர்ச்சிஷ்ட சிலுவை அடையாளத்தினாலே" என்று தொடங்கினேன். மிச்சம் வரவில்லை. பல்லிடுக்கால் கறுப்புக் கை ஒன்று உள்ளே நீண்டது. இடக்கை. பெருவிரலால் விளிம்பைத் தடவினேன்.

பதக்கம் இல்லை.

"தத்தேயோ," என்றது பசாசு, மிக மெதுவாக. "வாயைத் திற."

பேர் தெரிந்திருக்கிறது! தெரியாமல் இருக்குமா, பசாசல்லவா? தீர்த்தப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து, அதன் முகமூடிக்கு நேரே நீட்டினேன். அது முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து மூச்சு விட்டது. கந்தக நாற்றம் வரும் என்று மூச்சைப் பிடித்தேன். பிடித்தும் மூக்கில் ஏறியது. பெருஞ்சீரகம்.

கயிற்றை எப்படி இழுத்தேன் என்று நினைவில்லை. வாய் திறந்தது, இருவரும் உள்ளே விழுந்தார்கள், வாய் மூடியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். கன்சேத்தா முகமூடியைக் கழற்றி எறிந்தார். தோத்தோ வியர்வையில் ஊறி, பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை.

"சீனி விழுந்திட்டுது. ஊசியைப் போட்டிட்டுச் சாப்பிடாமல் வந்திருக்கிறான். அம்புலன்சுக்கு அடி!"

அடித்தேன். அதற்குள் அவர் என் கையில் இருந்த போத்தலைப் பறித்து, கோப்பிக்கென்று வைத்திருந்த சீனிப் பைகளைப் பல்லால் கிழித்துக் கொட்டி, குலுக்கி, தோத்தோவின் தலையை மடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார். விழுங்குகிறாரா என்று ஒவ்வொரு மிடறுக்கும் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். மூன்றாவதோ நான்காவதோ மிடறில் தோத்தோ முகத்தைச் சுளித்தார்.

"என்ன கண்டறியாத தண்ணியப்பா இது..."

கன்சேத்தா அவரை என்னிடம் தந்துவிட்டு, கொம்பு இல்லாத பசாசாகவே பின்பக்கத்தால் ஓடி, தன் மூலையில் போய் இருந்து, அடுத்த வெளிச்சத்துக்குக் கட்டளை கொடுத்தார். ஐந்து பசாசும் ஒன்றும் விளங்காமலே ஆடி முடித்தன.

தோத்தோவை அம்புலன்சில் ஏற்றி, அவர் பிழைத்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியில் இருந்து செய்தி வரும்வரை நான் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டிருந்தேன். கன்சேத்தா வந்தார். காதுக்குக் கிட்ட வந்தார். நன்றி வரப்போகிறது, வேலை போகப்போகிறது என்று கண்ணை மூடினேன்.

"நரக வாயை ஏன் மூடினாய்?"

சொன்னேன். மலை, பதக்கம், கைகுலுக்கல், எல்லாம். ஆறாவது உடுப்பு பிரான்காச்சோவில் இருக்கிற எங்கள் களஞ்சியத்தில் இருந்து, முந்தைய நாள்தான் வந்ததாம். ஒரு பசாசு உடுப்பின் ஸிப் இழுபடுகிறது, பழுதானால் மாற்ற உதவும் என்று தன் கதிரைக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தாராம். எனக்குத் தெரியாது.

"அப்ப அவை ஐஞ்சு பேருக்கும் பெர்மெஸ்ஸோ, எனக்கு மட்டும் இல்லை."

"ஓம், சிஞ்ஞோரா."

"காட்சியிலை இடமில்லாத ஆள் மேடையிலை கால் வைக்கக்கூடாது. அதுக்குத்தான் உடுப்பைப் போட்டன்," என்றார். பிறகு இடக்கையை என் முன்னால் நீட்டினார். "தை."

தோத்தோவை நானும் ரெஜினாவும் போய்ப் பார்த்தோம். கட்டிலில் எழும்பி இருந்தார்.

"தத்தேயோ, நரக வாசலிலை நிண்டு என்னை உள்ளை விடமாட்டன் எண்டு சண்டை பிடிச்சியாமே. உன்னைக் கொஞ்சுறதோ, அடிக்கிறதோ?"

"ரெண்டையும் செய்யுங்கோ, ஐயா," என்றாள் ரெஜினா. "அடியை முதல் செய்யுங்கோ."

இப்போதும் அந்த இங்கிலாந்துக் கதையைப் பற்றி யோசிக்கிறேன். எல்லோரும் கூடுதலாக நின்ற பசாசைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் உடுப்புப் பெட்டிக்குப் பொறுப்பாக இருந்தவன் யார், மற்றவர்கள் விடிய விடியச் செபம் சொன்னபோது அவன் பெட்டியைத் திறந்து உடுப்புகளை எண்ணிப் பார்த்தானா, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனோடு எனக்குக் கொஞ்ச நேரம் கதைக்கவேண்டும்.

ஜூலியா, பதக்கங்கள் ஆறும் இருக்கட்டும், உடுப்பைக் கையால் கழுவு. நடந்தது இதுதான்: அன்று காலை தோத்தோவுக்குச் சீனி குறைந்தது. கன்சேத்தா பசாசு உடுப்பைப் போட்டுக்கொண்டு போய் அவரை வெளியே இழுத்து வந்தார். வாசலை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.